உள்ளே போங்க, இடம் இருக்கு

அத்தியாயம் ஒன்பது

பஞ்சு தன் நாத்தனாரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தக் கதவு அத்தனை மெதுவாகச் சாத்தப்பட்டதற்கும் ஒரு காரணம் இருந்தது. வயிற்றில் இருக்கும் குழந்தை திடுக்கிட்டுவிடக் கூடாதாம்.

பஞ்சு என்பது வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு வைத்த பெயர். கண்ணாடிச் சாமான் கிடங்கில் பெட்டி கட்டுவது அவள் வேலை. ஒவ்வொரு கோப்பையையும் காகிதத்தில் சுற்றி, இடுக்கெல்லாம் காகிதச் சுருளைத் திணித்து, பெட்டியைக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவாள். உள்ளே சின்னதாக ஒரு சத்தம் கேட்டாலும் பிரித்து மறுபடி கட்டுவாள். ஆடாமல் இருந்தால் உடையாது. கிடங்கில் கற்றுக்கொண்ட இந்தப் பாடத்தை, கருவுற்றதும் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

வீட்டில் ரேடியோ வாயை மூடியது. லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மாடிப்படியில் குதிக்காமல் இறங்கப் பழகினார்கள். ஏழாம் மாதம் தாண்டியதும் குழந்தையின் அசைவு குறைந்தபோது பஞ்சுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“எவ்வளவு சமர்த்து பாருங்க. ஒரு அசைவு இல்ல” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். வந்தவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

தலையாட்டாத ஒரே ஆள் கணவனின் அக்கா. பேருந்து கண்டக்டர். முன்படியில் நின்று பேசினால் கடைசி இருக்கையில் தூங்குகிறவர் எழுந்து உட்காரும் குரல்.

“வயித்துக்குள்ள இருக்கறப்பவே என்னம்மா சமர்த்து? சமர்த்தெல்லாம் பள்ளிக்கூடம் போனப்புறம் பாத்துக்கலாம். உதைக்குதா இல்லையா? டாக்டர்கிட்ட சொன்னியா?”

“உங்க சத்தத்துலதான் அண்ணி அது பயந்து ஒடுங்கிக் கெடக்கு. பிரசவம் ஆகுற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க.”

சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கேட்ட வார்த்தை உள்ளே முள்ளாகத் தைத்துக்கொண்டது. ‘உதைக்குதா இல்லையா?’ அன்று இரவு முழுக்க வயிற்றில் கை வைத்தபடி விழித்திருந்த பஞ்சு, விடிந்ததும் தானே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். பனிக்குடத்தில் தண்ணீர் மிகவும் குறைந்திருந்தது. குழந்தையின் வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. அப்படியே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

இப்போது ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். இன்று காலை.

*

“இந்த ஆஸ்பத்திரி லிஃப்டு இருக்கே, மூணாவது மாடி வந்ததும் ஒரு முனகு முனகுது. கேபிள் இல்ல, கதவு ரோலர். என்கிட்ட விட்டா அரை மணி நேரத்துல…” என்றபடி கணவன் பால் ஃப்ளாஸ்கைக் கீழே வைத்தான்.

“நமக்கே இங்க என்ன ஆகப்போகுதோன்னு இருக்கு. உங்களுக்கு ரோலரா?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்” என்றான் அவன். பயம் வந்தால் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவது அவன் வழக்கம். இந்த ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்த மின்விசிறி, ஜெனரேட்டர், சக்கர நாற்காலி எல்லாவற்றைப் பற்றியும் பேசிவிட்டான்.

“டாக்டர் நேத்து உங்ககிட்ட என்ன சொன்னாங்க? மறைக்காம சொல்லுங்க.”

அவன் படுக்கை ஓரமாக உட்கார்ந்தான். “அந்தத் தண்ணிதான் குழந்தைக்கு எடமாம், பஞ்சு. அதுல மெதந்துகிட்டேதான் காலை நீட்டுறதும் மடக்குறதும். அப்படி ஆட ஆடத்தான் ஒவ்வொரு மூட்டும் மூட்டா ஆகுமாம். தண்ணி வத்திப்போச்சுன்னா கர்ப்பப்பைச் சுவரு வந்து நெருக்கிடும். கால் எப்படி மடங்கிக் கெடக்கோ அப்படியே நின்னுடும். ரொம்ப நாள் அப்படியே கெடந்தா முட்டி, கணுக்கால், விரல் எல்லாமே இறுகிப்போகலாம்னு சொன்னாங்க.”

பஞ்சு தன் கைகளைப் பார்த்தாள். இடுக்கில்லாமல் திணித்துத் திணித்துக் காய்த்துப்போன விரல்கள்.

“ஆடினா உடையும்னு இருந்துட்டேங்க” என்றாள் மெல்ல.

“நீயா தண்ணிய எறைச்சே? தண்ணி கொறைஞ்சதுக்கும் நீ ரேடியோவ நிறுத்தினதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு டாக்டரே சொன்னாங்க.”

“ஆனா கொறைஞ்சது எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே. அது உள்ள முடங்கிக் கெடக்க, நான் வெளிய பெருமை பேசிட்டுத் திரிஞ்சேனே.”

அவன் ஃப்ளாஸ்க் மூடியைத் திறந்து பாலை ஊற்றினான். சூடு ஆறாமல் ஆவி பறந்தது.

டாக்டரம்மா இன்று பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, குழந்தை சிறுநீர் கழிக்கிறதா. ஏனென்றால் இந்த மாதங்களில் பனிக்குடத்து நீரில் பெரும்பங்கு அதுதான். சிறுநீரகம் வேலை செய்தால்தான் தண்ணீர் ஊறும். இரண்டு, கை கால்களை மடக்கி நீட்டுகிறதா. இரண்டும் தெரியாமல் போனால், இப்படியே வைத்திருப்பதா, நாள் நிறையும் முன்பே வெளியே எடுப்பதா என்று இன்றே முடிவு செய்தாக வேண்டும்.

*

ஸ்கேன் அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை. உள்ளே மங்கல் வெளிச்சம், குளிர்ச்சி.

“வீட்ல யாருக்காவது பிறக்கும்போதே பாதம் திரும்பியிருந்துச்சா? உங்க பக்கமோ, அவங்க பக்கமோ?” என்று கேட்டார் டாக்டரம்மா.

பஞ்சு இல்லையென்று தலையசைத்தாள்.

“எங்க பக்கம் யாருக்கும் இல்லைங்க” என்றான் கணவன் உறுதியாக. “எங்க அக்காவெல்லாம் நாள் பூரா ஓடுற பஸ்ல நின்னுகிட்டே வேலை பாக்குறவ.”

“சரி. தண்ணி கொறைஞ்சதாலதான் பாதம் திரும்பிச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. சில குழந்தைங்களுக்கு அது பரம்பரையாவும் வரும். அதான் கேட்டேன்.”

வயிற்றில் குளிர்ந்த பசை. திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம். முதுகு தெரிந்தது, தொடை தெரிந்தது, மடிந்த முட்டி தெரிந்தது. இதயம் மட்டும் குருவியின் மார்புபோலத் துடித்தது. மற்றதெல்லாம் அச்சில் வார்த்ததுபோல அப்படியே இருந்தது.

டாக்டரம்மா கருவியை அழுத்தினார், நகர்த்தினார். “மூத்திரப்பையும் தெரியலையே. இப்பதான் கழிச்சிருக்கலாம், காலியா இருக்கும். கொஞ்சம் பொறுத்துப் பாப்போம். ஒருக்களிச்சுப் படுங்க.”

ஒருக்களித்தாள். அசைவில்லை.

“எழுந்து நடந்துட்டு வாங்க. குளிர்ச்சியா ஏதாவது குடிங்க.”

நடைபாதையில் அடுத்ததாக ஒரு கர்ப்பிணி காத்திருந்தாள். அவள் முறை வந்துவிட்டிருந்தது. பஞ்சுவின் முகத்தைப் பார்த்ததும், “எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லக்கா. நீங்க நிதானமா பாத்துட்டு வாங்க” என்று மறுபடி உட்கார்ந்துகொண்டாள். யாரோ, எவரோ. அந்த ஒரு வார்த்தை பஞ்சுவுக்கு நடக்கத் தெம்பு கொடுத்தது.

கணவன் கீழே போய்ப் பழச்சாறு வாங்கி வந்தான். குடித்தாள். மறுபடி படுத்தாள். திரையில் அதே மடிந்த முட்டி. அவனால் பார்க்க முடியவில்லை. “மறுபடி ஏதாவது வாங்கிட்டு வரேன்” என்று யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

பஞ்சு கண்ணை மூடினாள். ‘கடவுளே, நேரான கால் கேக்கல. அழகு கேக்கல. ஒரே ஒரு உதை. வலிக்கிற மாதிரி ஒரு உதை. அது போதும்.’

அப்போதுதான் நடைபாதையில் அந்தச் சத்தம் எழுந்தது.

“உள்ள விட முடியாதும்மா. நோயாளியும் புருஷனும் மட்டும்தான்.” இது காவலாளி.

“நோயாளியோட நாத்தனார் நான். எம் தம்பி பேயறைஞ்ச மாதிரி வந்து ‘ஆடவே இல்லக்கா’ங்கிறான், நான் பெஞ்சுல உக்காந்து கைவிரலை எண்ணிட்டிருக்கவா?”

“அம்மா, வாசல்ல கூட்டம் சேருது பாருங்க…”

“கூட்டத்தை எனக்கு நீ சொல்லித் தரியா? ஏங்க, வாசல்லயே ஏங்க நிக்கிறீங்க? வழிய விடுங்க! உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு!”

பஞ்சுவின் விலாவுக்குக் கீழே ஏதோ ஒன்று ஓங்கி இடித்தது.

“அம்மா!” என்றாள்.

“அசையாதீங்க!” டாக்டரம்மாவின் குரல் மாறியிருந்தது. திரையில் மடிந்திருந்த முட்டி விருட்டென்று நீண்டு, மறுபடி மடங்கியது. “யாரும்மா வெளிய கத்துறது?”

பஞ்சுவின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. “எங்க அண்ணி, டாக்டர்.”

“முதல்ல அவங்கள உள்ள கூப்பிடுங்க.”

*

காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, காக்கிச் சீருடையும் கழுத்தில் விசிலுமாக உள்ளே வந்தாள் கண்டக்டர். மங்கல் வெளிச்சத்தையும் இயந்திரத்தையும் கண்டதும் அந்தக் குரல் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

“மன்னிச்சிருங்க டாக்டர். இனிமே சத்தம் போட மாட்டேன்” என்று கிசுகிசுத்தாள்.

“ஐயோ, அந்தத் தப்பைப் பண்ணிடாதீங்க. வெளிய பேசின மாதிரியே பேசுங்க.”

“என்னன்னு பேச?”

“பஸ்ல தெனம் என்ன சொல்வீங்களோ அத.”

கண்டக்டர் தொண்டையைச் செருமினாள். பஞ்சுவின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, வயிற்றைப் பார்த்தே சொன்னாள். “மார்க்கெட் எறங்கு! படியில நிக்காத! மார்க்கெட்டெல்லாம் எறங்கு! யாருப்பா அது சீட்டு வாங்காதது?”

உள்ளே ஒரு கை எழுந்தது. மூடிய விரல்கள் பூப்போல விரிந்தன. இடது கால் நீண்டது. அதன் பின்னால் வலது காலும் நீண்டது. உள்ளே திரும்பிய பாதத்தோடுதான். ஆனாலும் நீண்டது, மடங்கியது, மறுபடி நீண்டது.

“கையைக் காட்டுது பாருங்க, சீட்டு கேக்குது” என்று கண்டக்டர் சிரித்தாள்.

டாக்டரம்மா கருவியைச் சற்றுக் கீழே நகர்த்தினார். சாம்பலுக்கு நடுவே சிறு கறுப்பு வட்டம். “இதோ! இதுதான் மூத்திரப்பை. அப்போ காலியா இருந்தது, இப்ப நல்லா ரொம்பியிருக்கு.” அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அறையில் எல்லோரும் அந்தக் கறுப்பு வட்டத்தையே பார்த்திருந்தார்கள். கண்டக்டர் இன்னொரு நிறுத்தத்தின் பெயரை உரக்கச் சொன்னாள். சற்று நேரத்தில் வட்டம் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போனது.

“என்ன ஆச்சு டாக்டர்?” பஞ்சு பதறினாள்.

“உங்க அண்ணி போட்ட சத்தத்துல ஒண்ணுக்குப் போயிடுச்சு!”

மூன்று பெண்களும் சிரித்த சிரிப்பில் கணவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். விஷயத்தைச் சொன்னதும், “ஒண்ணுக்குப் போச்சா? நெஜமாவா?” என்று கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதான். ஒரு குழந்தை சிறுநீர் கழித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் வீட்டில் நன்றிக்கு ஒருநாளும் பஞ்சம் வராது.

டாக்டரம்மா பிறகு நிதானமாகப் பேசினார். தண்ணீர் போன வாரத்தைவிடச் சற்று ஏறியிருக்கிறது. போதாது, ஆனால் ஏறுமுகம். சிறுநீரகம் வேலை செய்கிறது. இடுப்பு, முட்டி, முழங்கை, விரல்கள் எல்லாம் மடங்கி நீள்கின்றன. இப்போதைக்கு வெளியே எடுக்க வேண்டாம். அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம்.

“அந்தப் பாதம்?” என்றாள் பஞ்சு.

“அது திரும்பித்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பொறந்த கொஞ்ச நாள்லயே வாரா வாரம் மாவுக்கட்டு மாத்தி மாத்திப் போட்டுக் கொஞ்சங்கொஞ்சமா நேராக்கிடலாம். பொறுமைதான் வேணும். இதே தண்ணி ஆரம்ப மாசத்துல வத்தியிருந்தா மூட்டெல்லாம் இறுகியிருக்கும், நுரையீரலும் வளராது. கதையே வேற. நீங்க நல்ல நேரத்துல வந்தீங்க.”

“நானா வரல டாக்டர்.” பஞ்சு எட்டி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இவங்க கேட்ட ஒரு கேள்விதான் என்னைக் கொண்டாந்து விட்டுச்சு. நான் இவங்களை வீட்டுப் பக்கம் வராதேன்னு சொன்னவ.”

கண்டக்டர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. “சரி சரி, விடும்மா. டாக்டருக்கு வேற வேலை இல்லையா?”

*

பஞ்சுவைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தள்ளி வந்தார்கள். காத்திருந்த கர்ப்பிணி எழுந்தபோது பஞ்சு அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு விட்டாள்.

காவலாளி அசட்டுச் சிரிப்போடு நின்றான். “இந்தம்மா தெனம் காலையில டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி வந்து கீழ பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. ஃப்ளாஸ்கை சார்கிட்ட குடுத்துட்டு, விசாரிச்சுட்டுப் போயிடுவாங்க. இன்னிக்குத்தான் மேல வந்து சண்டை புடிச்சாங்க.”

பஞ்சு கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வாரமாகச் சூடு ஆறாமல் வந்த பால்!

“சொல்லியிருக்கலாம்ல அண்ணி.”

“பிரசவம் ஆகுற வரைக்கும் வராதேன்னு சொன்ன. நான் எங்க வந்தேன்? கீழதான இருந்தேன்?”

“என்னை மன்னிச்சிடுங்க.”

“அட போம்மா. இங்க பாரு, கூட்ட பஸ்ல ஒத்தக் கால் மாட்டிக்கிச்சுன்னா எப்படி வெச்சமோ அப்படியேதான் நிக்கும். எறங்குனதும் உதறிவிட்டு நடக்கல? இதுவும் எறங்கட்டும். உதறி விட்டுக்கலாம்.” பேசிக்கொண்டே சுவரோரம் கிடந்த தன் காலணிகளைக் காலால் இழுத்தாள். “எனக்கு டிரிப்புக்கு நேரமாச்சு. டிரைவர் கத்துவாரு.”

நாற்காலியில் தாழ்வாக உட்கார்ந்திருந்ததால் பஞ்சுவின் பார்வை நேராக அங்கேதான் விழுந்தது. ஒரே நிறம், ஒரே மாதிரி. ஆனால் கோப்பைக்குக் கோப்பை வாயளவு பார்த்துப் பழகிய கண்ணல்லவா? வலது காலணி இடதைவிட நன்றாகவே சிறிது. அதற்குள் நுழைந்த பாதமும் சிறிது. சற்று மேலேறியிருந்த கால்சட்டைக்குக் கீழே தெரிந்த கெண்டைக்காலும் மற்றதைவிட மெலிந்திருந்தது.

பஞ்சு நிமிர்ந்தாள். நாத்தனார் அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். சட்டென்று கால்சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, “வரேன்” என்று ஒரே சொல்லோடு படியிறங்கினாள். நடையில் ஒரு கோணல் இல்லை. படபடவென்று அந்த இரு பாதங்களும் இறங்கிப் போயின.

“ஏங்க, அண்ணிக்கு ரெண்டு காலும் ஒரே அளவு இல்லையா?”

“எதுக்குக் கேக்குற? தெரியாதே.” யோசித்தான். “ஆனா ஷூ வாங்கறப்ப எப்பவும் ரெண்டு ஜோடி வாங்குவா. ஏன்னு கேட்டா திட்டுவா. நான் பொறக்கறதுக்கு முன்னாடி அவளை எங்கயோ ரொம்ப நாள் வைத்தியத்துக்குத் தூக்கிட்டு அலைஞ்சதா அப்பா ஒரு தடவை சொல்ல வந்தாரு. அம்மா அவரு வாயை அடைச்சிட்டாங்க.” அவன் வாய் அப்படியே நின்றது. “பஞ்சு… டாக்டர் கேட்டப்ப நான் இல்லன்னு சொல்லிட்டேனே!”

“போன் போடுங்க.”

போட்டான். ஸ்பீக்கர் போட வேண்டிய அவசியம் இல்லாத குரல். ஆனால் அவன் கேள்வியைக் கேட்டு முடித்ததும் மறுமுனையில் பேருந்து இரைச்சல் மட்டும்தான் இருந்தது. பஞ்சுவுக்குத் தெரிந்த வரை அண்ணி பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

“நாள் பூரா நிக்கிறேன்ல?” என்றாள் கடைசியில், மெதுவாக. “உன் பொண்டாட்டிகிட்ட அத மட்டும் சொல்லு. சாயங்காலம் நானே வந்து டாக்டர்கிட்ட எல்லாம் சொல்றேன். அப்புறம்… பரண் மேல அம்மாவோட தகரப் பொட்டி ஒண்ணு இருக்கு. அதையும் கொண்டாறேன். நான் வராம யாரும் அதைத் தொறக்கக் கூடாது.”

“அதுல என்னக்கா இருக்கு?”

அதற்குள் போனைக் கையில் பிடித்தபடியே வேலையைத் தொடங்கிவிட்டாள் போலிருக்கிறது. போன் வழியே நீளமாக ஒரு விசில் வந்தது.

பஞ்சு அவசரமாகக் கணவனின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

உள்ளிருந்து பதில் வந்தது. கொஞ்சம் வலித்தது. ‘போதும், கடவுளே’ என்று சொல்ல வாயெடுத்தவள், “இன்னொண்ணு” என்றாள்.